அணைந்தது, அணைந்திருந்தது

1

இந்தக் கதை ஒரு காகித நட்சத்திரத்திலிருந்து வந்தது. அம்பத்தூர் நூலகத்தில் எடுத்த புத்தகத்தைச் சைக்கிள் கேரியரில் செருகிக்கொண்டு மேனாம்பேடு வழியாக வந்துகொண்டிருந்தேன். ஆடி மாதம். அம்மன் கோயில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்த நேரத்தில் ஒரு சின்ன ஓட்டு வீட்டு வாசலில், கிறிஸ்துமஸுக்குக் கட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு சிவப்பு நட்சத்திரம் தொங்கியது. யாரோ கழற்ற மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த தெரு திரும்பும்போதுதான் உறைத்தது: அதற்குள் பல்பு எரிந்தது. மறந்தவர்கள் எதற்கு விளக்குப் போடுகிறார்கள்?

திரும்பிப் போய்க் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, கேட்காத கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

"பனி விடாமல் பெய்துகொண்டிருந்தது. கிழவர் ஜன்னலருகே நின்று, எதிர்வீட்டு விளக்கை"

[அடித்துவிட்டேன். நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் வயதானவர்கள் எல்லாம் பனிக்காலத்தில்தான் சாகிறார்கள். மேனாம்பேட்டில் பெய்வது மழை. மழை பெய்தால் கரண்டு போகும். பனியை எடுத்த பிறகுதான் கரண்டு இந்தக் கதைக்குள் நுழைந்தது. நுழையாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.]

இரண்டாவது தொடக்கம்:

"ஜம்புலிங்கம் வாயில் வேப்பங்குச்சியோடு வாசலுக்கு வந்தார். எதிர்வீட்டு நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. குச்சியை மென்றபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நட்சத்திரம் அணைந்தது. அப்பாடா என்று வாய் கொப்புளிக்கப் போனார்."

இதை வைத்துக்கொண்டேன். இதில் ஒரு சொல்லை நான் யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். அது எது என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது.

2

ஜம்புலிங்கம் மேனாம்பேட்டின் பழைய குடியானவர் வீட்டுப் பிள்ளை. அவர் அப்பா நெல் நட்ட இடத்தில் இப்போது மனை போட்டு வீடுகள் வந்துவிட்டன. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகனும் மருமகள் வடிவும் கூட இருக்கிறார்கள். தலைவலி என்று முனகினால் தைலம் வரும். பயப்பட அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

ஆனால் கலியமூர்த்தி செத்த நாளிலிருந்து விடியற்காலையில் எழுந்ததும் தெருக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார்.

கலியமூர்த்தி அதே தெருவில் தனியாக இருந்தவர். இரண்டு நாள் பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்ததைப் பார்த்துக் கதவை உடைத்தார்கள். உள்ளே போன முதல் ஆள் ஜம்புலிங்கம். கலியமூர்த்தி கதவுக்குப் பக்கத்திலேயே கிடந்தார். கையருகே ஒரு பித்தளைச் செம்பு, வாய் நசுங்கிக் கிடந்தது. கதவின் உள்பக்கம், கீழே, செம்பு பட்ட பள்ளங்கள்.

பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அதைப் பார்த்துவிட்டுத் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளும் தனியாக இருப்பவள்தான். "முந்தாநாள் மத்தியானம் டங்கு டங்குனு கேட்டுச்சு. பாத்திரம் தேய்க்கிறார்னு நெனச்சேன். ஒண்டி ஆம்பள, எவ்ளோ சுத்தமா கீறார் பாருன்னு வேற நெனச்சேன்" என்றாள்.

அந்தத் தெருவில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சாவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். செம்புச் சத்தம் கேட்டும் புரியாமல் போகும் என்பது புதிது.

*

[இங்கே ஒரு பக்கம் எழுதி நீக்கினேன். வயதானவர்களுக்கு ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று கட்டுரை மாதிரி வந்துவிட்டது. மேடு பள்ளமில்லாத தெரு, பிடித்து ஏறக் கைப்பிடி, உட்கார ஒரு கல். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் அந்தத் தெருக்காரர்கள் கேட்டது இவ்வளவு பெரியதில்லை. "நான் விழுந்தால் யாருக்காவது தெரிய வேண்டும்." இது மட்டும்தான்.]

*

அடிபம்பு அருகில் பேசி முடிவு செய்தார்கள். தெருவில் தனியாக இருக்கும் மூன்று பேரும் தினமும் காலையில் ஒரு அடையாளம் காட்ட வேண்டும். அடையாளம் இல்லாவிட்டால் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

பூங்காவனத்துக்குக் கோலம். கோலம் இருந்தால் ஆள் இருக்கிறாள்.

வீரராகவனுக்கு ரேடியோ. பிள்ளைகள் நூம்பல் பக்கம் வீடு கட்டிப் போன பிறகும் அவர் அசையவில்லை. பேட்டரி போடாத, கரண்டில் மட்டும் ஓடுகிற பெரிய மரப்பெட்டி ரேடியோ வைத்திருந்தார். எழுந்ததும் அதைத் தெருக்கோடி வரை கேட்கும்படி வைப்பதாகச் சொன்னார்.

"நீ உசுரோட கீறேன்னு தெரியறதுக்கு நாங்க சாவணுமா?" என்றாள் பூங்காவனம்.

மூன்றாவது ரோஸி. ஆவடியில் ராணுவச் சட்டை தைத்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெரு அவரை டெய்லரம்மா என்று கூப்பிடும்.

"நீயும் ரெண்டு புள்ளி வெச்சு ஒரு இழுப்பு இஸ்து உட்டுடு டெய்லரம்மா" என்றாள் பூங்காவனம்.

"நல்லா கீது. மாதா கோயில் சாமியார் ஜெபத்துக்கு வந்தா, கோலத்த மிதிச்சிகினா உள்ள வருவாரு?"

"அப்ப உனுக்கு இன்னாதான் அடையாளம்?"

ரோஸி கொஞ்சம் யோசித்தார். "ஸ்டார் கீது. ராத்திரி போடறேன், காலைல எழுந்து அணைக்கிறேன். வெயில்ல ஸ்டார் எரிஞ்சா என்ன வந்து பாருங்க."

"அது டிசம்பர்லதானே கட்டுவாங்க?" என்றார் வீரராகவன்.

"அண்ணாத்தே, நா விழறதுக்கும் டிசம்பர் வர்ற வரைக்கும் காத்துகினு இருக்கணுமா?"

இப்படித்தான் ஆடி மாதத்தில் நட்சத்திரம் வந்தது. எதிர்வீடு என்பதால் அதைப் பார்க்கும் பொறுப்பு ஜம்புலிங்கத்துக்கு வந்தது.

3

ஏற்பாடு ஒருமுறை சொதப்பியது. வீரராகவன் யாரிடமும் சொல்லாமல் விடியற்காலை பஸ்ஸில் திருப்பதி போய்விட்டார். ரேடியோ பாடவில்லை. தெரு கூடியது. பூங்காவனம் அழவே ஆரம்பித்துவிட்டாள். வெளியே பூட்டுத் தொங்கியதை அந்தப் பதற்றத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. ஜம்புலிங்கம் கடப்பாரையால் கீல் பக்கமாக நெம்பிக் கதவைச் சாய்த்தார்.

மறுநாள் வீரராகவன் மொட்டைத் தலையோடு, கையில் லட்டோடு வந்தார். கதவில்லாத வாசலைப் பார்த்தார். அன்றைக்குத் தெரு அவர் வாயிலிருந்து கேட்டதை எழுத என் பேனா ஒத்துக்கொள்ளவில்லை. லட்டு மட்டும் எல்லோருக்கும் கிடைத்தது.

இதைச் சிரிப்புக்காகத்தான் எழுதினேன். அதற்குப் பிறகு ஜம்புலிங்கத்தின் கை கதவென்றால் கூசும் என்பதை எழுதும்போது யோசிக்கவில்லை. ரோஸி வேறு கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "என் ஊட்டுக் கதவ அந்த மாரி சாச்சே, செத்திருந்தாலும் எழுந்து வந்து கேப்பேன், ஆமா."

இன்னொரு பேச்சும் நடந்தது. அது கதைக்கு வேண்டும்.

ரோஸியின் கட்டில் தெருப் பக்க ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. நட்சத்திரத்தின் சுவிட்சு மேலே, எட்டாத உயரத்தில் இருந்தது. ஜம்புலிங்கமே அதைக் கழற்றிக் கீழே இறக்கினார். கட்டிலில் படுத்தபடியே கை எட்டும் உயரம்.

"இன்னா அண்ணாத்தே, கொயந்தைக்கு வெச்சா மாரி வெச்சுகீறே" என்றார் ரோஸி.

"முடியாம கெடந்தாலும் கை எட்டணும்மா."

"நல்ல வாய் முகூர்த்தம். சரி, எனுக்கு ஸ்டாரு, அந்தம்மாக்குக் கோலம், அவருக்கு டப்பா. உனுக்கு இன்னா அடையாளம்?"

"எனுக்கு எதுக்கு? ஊட்ல ஆளு கீது."

"ஊட்ல ஆளு கீறவன் சாவ மாட்டானா?" என்று ரோஸி சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "நா எப்பவோ முயிச்சிக்குவேன் அண்ணாத்தே. இந்த ஜன்னல் சந்துல பாத்துகினே படுத்திருப்பேன். நீ குச்சியோட வந்து நிப்பே பாரு, அதுக்கு அப்புறம்தான் ஸ்டார அணைப்பேன். நீ என்னப் பாக்கறேன்னு நெனச்சிகினு கீறே. நாதான் உன்னப் பாக்கறேன்."

ஜம்புலிங்கம் எழுந்தார். ஸ்க்ரூ டிரைவரை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டார்.

4

ஐப்பசி. இரவெல்லாம் மழை கொட்டி விடியும்போது விட்டிருந்தது. ஜம்புலிங்கம் வேப்பங்குச்சியோடு வாசலுக்கு வந்தார். தெருவில் கணுக்கால் தண்ணீர். ரோஸியின் ஜன்னல் சாரலுக்குச் சாத்தியிருந்தது. நட்சத்திரம் அணைந்திருந்தது. அப்பாடா என்று வாய் கொப்புளிக்கப் போனார்.

பூங்காவனம் படிமேல் ஈரமில்லாத இடமாகப் பார்த்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கோலம் போட்டிருந்தாள். ரேடியோதான் பாடவில்லை. நான்கு பேர் வீரராகவன் வீட்டைத் திரும்பிப் பார்ப்பதற்குள், அவரே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்.

"கரண்டு இல்லய்யா, கரண்டு இல்ல! நா உசுரோடதான் கீறேன்! எவனும் கடப்பாரைய எடுக்காதே!"

தெரு சிரித்தது. ஜம்புலிங்கமும் நன்றாகச் சிரித்தார். பூங்காவனம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அடையாளக் கணக்குப்படி, கரண்டு போனால் வீரராகவன் செத்துப்போவார். ரோஸி பிழைத்துக்கொள்வார். இரண்டு அடையாளங்களும் ஒன்றுக்கொன்று தலைகீழ். இதைப் பார்க்க அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றாதது ஆச்சரியமில்லை. சிரித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது தோன்றாது. எழுதிக்கொண்டிருந்த எனக்கே தோன்றவில்லை.

வெயில் ஏறியது. வடிவு வைத்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு ஜம்புலிங்கம் வாசலில் பேப்பரோடு உட்கார்ந்தார். அப்போது கரண்டு வந்தது. வீரராகவனின் ரேடியோ ஒரு பாட்டின் நடுவிலிருந்து தொண்டையைத் திறந்தது. வீட்டுக்குள் மின்விசிறி முனகிச் சுற்ற ஆரம்பித்தது.

எதிர்வீட்டு வாசலில் நட்சத்திரம் எரிந்தது.

வெயிலில் அந்தச் சிவப்பு வெளிறிப்போய், காய்ச்சல்காரன் கண் மாதிரி இருந்தது. ஜம்புலிங்கம் பேப்பரை மடிக்கவில்லை. அது மடியிலிருந்து தானாக நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"வடிவு! டெய்லரம்மாவக் காலைலருந்து பாத்தியா?"

"இல்லயே மாமா. ஏன்?" வெளியே வந்து பார்த்தாள். "ஐய, கரண்டு இல்லாதப்ப எழுந்து சுவிட்சத் தட்டிருப்பாங்க. இருட்டுல எது போட்டது, எது அணைச்சதுன்னு யாருக்குத் தெரியும்? நானே எத்தினி வாட்டி அப்படித் தட்டியிருக்கேன்."

அது நியாயம்தான். அந்த நியாயத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜம்புலிங்கம் தண்ணீரில் இறங்கினார். கதவைத் தட்டினார். "டெய்லரம்மா!" பதில் இல்லை. வெளியே பூட்டு இல்லை. இந்த முறை பார்த்துக்கொண்டார். கதவின் மேல்பக்கம் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. உள்தாழ்ப்பாள். பின்கதவு இல்லாத வீடு அது. ரோஸி உள்ளேதான் இருக்கிறார்.

"ரோஸிம்மா!" என்றார். அவர் அந்தப் பெயரைச் சொல்லி அந்தத் தெரு கேட்டதில்லை.

5

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு முன்பக்கங்களைப் புரட்டினேன். எப்படி முடிப்பது என்பதற்கு அங்கே ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைத்தது.

முதல் பகுதியில் "நட்சத்திரம் அணைந்தது" என்று எழுதியிருக்கிறேன். நான்காம் பகுதியில் "நட்சத்திரம் அணைந்திருந்தது" என்று எழுதியிருக்கிறேன்.

ஒவ்வொரு நாளும் அது ஜம்புலிங்கத்தின் கண்ணெதிரில் அணையும். அவர் வந்து நின்ற பிறகு அணையும். அதுதான் ரோஸி சொன்னது. இன்றைக்கு அவர் வருவதற்கு முன்பே, கரண்டு போய், அணைந்திருந்தது. காத்திருந்து பார்த்து அணைக்க உள்ளே யாரும் இல்லை, அல்லது யாருக்கும் முடியவில்லை. தினமும் வருகிற நிம்மதி இன்றைக்குக் கொஞ்சம் முன்னதாக வந்தது. முன்னதாக வந்த நிம்மதியை யார் சந்தேகப்படுவார்கள்?

இந்த வித்தியாசத்தை நான் திட்டமிடவில்லை. கை எழுதியது. கதவுக்கு முன்னால் நிற்கும் ஜம்புலிங்கத்துக்கும் இப்போது இதுதான் உறைக்கிறது. அவருக்கு இலக்கணம் தெரியாது. அவருக்கு உறைப்பது இவ்வளவுதான். காலையில் இந்த அம்மாள் தன்னைப் பார்க்கவில்லை. தான் குச்சியோடு வந்து நின்றதை உலகத்தில் ஒருவரும் பார்க்கவில்லை.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) கதவு படாரென்று திறக்கிறது. கலைந்த முடியோடு ரோஸி. "இருமல் மருந்து குடிச்சிட்டுக் கொஞ்சம் கண்ணசந்தேன். அதுக்குள்ள சாவு மோளமா? போங்கய்யா!" தெரு மறுபடி சிரிக்கிறது. ஜம்புலிங்கம் மட்டும் சிரிக்காமல் படியில் உட்காருகிறார்.

[எழுதி முடித்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இரண்டாம் பகுதியில் அந்தச் செம்பு இன்னும் கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டு இந்த முடிவை நம்பச் சொல்ல வாய் வரவில்லை.]

(ஆ) கதவு சாய்ந்தது. கட்டிலுக்குக் கீழே, ஒரு கை சுவிட்சின் பக்கமாக நீட்டி

[முடியவில்லை. மூன்று முறை இதே இடத்தில் நின்றுவிட்டேன்.]

(இ) வீட்டில் யாரும் இல்லை. தாழ்ப்பாள் உள்ளிருந்து போட்டபடி இருக்கிறது, கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை, நட்சத்திரம் மட்டும்

[இது நான் படித்த புத்தகங்களிலிருந்து வருகிறது. தூரதேசத்தில் ஆட்கள் இப்படிக் காணாமல் போகலாம். டெய்லரம்மா போகமாட்டார். சொல்லாமல் போக அவர் வீரராகவனா?]

7

ஆகவே கதவுக்கு முன்னாலேயே இருக்கிறேன்.

பூங்காவனம் வந்துவிட்டாள். புடவை நனைய மண்டியிட்டு, கதவின் கீழ்ப்பக்கம் காதை வைத்திருக்கிறாள். கலியமூர்த்தியின் பள்ளங்கள் இருந்த அதே உயரத்தில்.

"டங்குனு ஏதாவது கேக்குதா?" என்கிறார் ஜம்புலிங்கம்.

"அந்தாளு டப்பா போடற சத்தத்துல எனுக்கு இன்னா கேக்கும்?" "யாராவது போய் அத்த நிறுத்துங்களேன்!"

வடிவு ஓடுகிறாள்.

வீரராகவன் எதிர்ப்பக்கமிருந்து வருகிறார். கையில் கடப்பாரை. அவர் வீட்டுக் கதவைச் சாய்த்த அதே கடப்பாரை.

"இந்தா ஜம்பு."

ஜம்புலிங்கம் வாங்காமல் நிற்கிறார்.

"என் கதவ ஒடச்சப்போ கூசிச்சா உனுக்கு? இப்ப இன்னா கூச்சம்? திட்டுனா நா வாங்கிக்கறேன். ஒடை."

"திட்டுனா போதும்டா" என்கிறார் ஜம்புலிங்கம். "திட்டுனா போதும்."

வாங்கிக்கொள்கிறார். கீல் பக்கம் முனையைக் கொடுக்கிறார். தலைக்கு மேலே நட்சத்திரம். நெம்புவதற்கு மூச்சை இழுக்கும்போது ஒருமுறை அண்ணாந்து பார்க்கிறார்.

நட்சத்திரம் அணைந்தது.

சரியாகப் படியுங்கள். அணைந்திருந்தது இல்லை. அணைந்தது. அவர் வந்து நின்று, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கண்ணெதிரில் அணைந்தது.

உள்ளே கட்டில் உயரத்துச் சுவிட்சை ஒரு கை எட்டியிருக்கலாம். மழையில் நனைந்த ஏதோ ஒரு கம்பியில் கரண்டு மறுபடியும் போயிருக்கலாம். எதுவானாலும் அவர் கதவைச் சாய்ப்பார். அதில் இனிமேல் தயக்கம் இல்லை. ஆனால் அதற்கு முன்னால், இழுத்த மூச்சை விடாமல், அவர் முகம் மெல்லத் தெருவின் மறுகோடிக்கு, வீரராகவன் வீட்டுப் பக்கம் திரும்புகிறது. பூங்காவனத்தின் முகமும். கடப்பாரையை விட்ட கையோடு வீரராகவனும்.

வடிவு இன்னும் வீரராகவன் வீட்டுப் படியில்கூடக் கால் வைக்கவில்லை. ரேடியோவை யாரும் நிறுத்தவில்லை.

அது பாடிக்கொண்டிருந்தால், சுவிட்சில் இருந்தது ரோஸியின் கை.

நான் காதைப் பொத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். நீங்கள் பொத்தாதீர்கள். பக்கத்தைத் திருப்பும் சத்தம்கூட வேண்டாம். கொஞ்சம் அசையாமல் இருந்து கேளுங்கள்.

பாடுகிறதா?